யாழ்ப்பாணக் கரையோரத்தின் பழைய படங்கள்: தேடுவது, இடம் பிடிப்பது, திரும்ப எடுப்பது

யாழ்ப்பாணத்தில் ஊரைப் படம் எடுத்து வைத்தவர்கள் குறைவு. ஆட்களைத்தான் எடுத்தார்கள். கலியாணம், சாமத்தியச் சடங்கு, முதல் நன்மை, பள்ளிக்கூடச் சுற்றுலா, வெளிநாடு போகிறவரை வழியனுப்பும் நாள் என்று எல்லாமே ஆட்களின் படங்கள். ஆனால் கமராவுக்கு முன்னால் நின்றவருக்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. கோட்டை மதில், பாய் இறக்கிய வள்ளம், கிடுகு வேலி, கடைப் பெயர்ப்பலகை, கடல். கரையோரம் எப்படி மாறியது என்று தேடப் புறப்படுகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, முகத்தைப் பார்த்து முடித்ததும் முகத்துக்குப் பின்னால் பார்ப்பது.

அப்படி ஒரு தொகுப்பைத் தொடங்க நினைக்கிறவருக்காகவே இதை எழுதுகிறேன். வரலாற்றுப் பட்டம் வேண்டாம், விலை கூடிய கமராவும் வேண்டாம். கைத்தொலைபேசி, ஒரு கொப்பி, ஒரு பென்சில், வயதானவர்களோடு இருந்து கதைக்கிற பொறுமை போதும். இதில் அவசரப்பட வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: படத்தில் இருப்பது எந்த இடம் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்பது. ஸ்கான் பண்ணுவதை அடுத்த வருடமும் செய்யலாம்.

1. ஒரு துண்டுக் கரையைத் தெரிவுசெய்யுங்கள்

"யாழ்ப்பாணக் கடற்கரை" என்று மொத்தமாக எடுத்தால் எதுவும் முடியாது. நாவாந்துறை, பண்ணை, கோட்டை, குருநகர், பாசையூர், கொழும்புத்துறை என்று போகும் நகரத்துக் கரை ஆழமில்லாத களப்புக் கரை. கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று போகும் வடகரை திறந்த கடல், முருகைக்கல் கரை. மணற்காட்டிலிருந்து மருதங்கேணிப் பக்கம் போனால் மணல் மேடு. தீவுகள் இன்னொரு கதை.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் மாறியது. நகரத்துக் கரையில் மனிதர் களப்பை நிரவி நிலமாக்கினார்கள். குருநகர்ப் பக்கத்தில் றெக்கிளமேஷன் (நிலம் மீட்டல்) வீதி என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பெயரே அதைச் சொல்கிறது. வடகரையில் வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமாகி, 1990இலிருந்து ஊர் ஊராக ஆளில்லாமல் கிடந்தது. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பி வந்தது 2017இல். கிழக்கே காற்றும் மணலும், பிறகு 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும். எந்தக் கரை என்று முடிவெடுத்தால் எந்த மாதிரி மாற்றத்தைத் தேட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். ஒரு துறை, ஒரு சந்தி, ஒரு கோயில் வாசல் என்று தொடங்குங்கள். ஒரு கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம்.

2. படம் எங்கே கிடக்கும்?

முதலில் உங்கள் வீட்டு அலுமாரி, றங்குப் பெட்டி, சுவரில் தொங்கும் பிரேம். பிரேமைக் கழற்றினால் பின்னால் இன்னொரு படம் இருப்பதும் உண்டு.

பிறகு கடல் கடந்து கேளுங்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்கப் புறப்பட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது யாரும் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதற்கு முன்னரே சோதனைக்குப் பயந்து படங்களை எரித்த வீடுகளும் மண்ணுக்குள் புதைத்த வீடுகளும் உண்டு. ஆனால் 1983க்கு முன்னும் பின்னும் வெளிநாடு போனவர்களுக்கு வீட்டார் கடிதத்தோடு படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஊரில் அழிந்த படத்தின் பிரதி ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ ஒரு மாமியின் சூட்கேஸில் இருக்கலாம். கேட்கும்போது "பழைய படம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்டும் இல்லை ராசா" என்பதுதான் பதில். "மாமி, உங்கட கலியாணத்துக்கு அடுத்த நாள் பண்ணைக்குப் போய் எடுத்த படம் இருக்கோ?" என்று கேளுங்கள். இடத்தையும் நாளையும் சொல்லிக் கேட்டால் ஞாபகம் தானாக வரும்.

சோனகத் தெருப் பக்கத்துப் படங்களைத் தேடுகிறவர்கள் புத்தளத்துக்குப் போக வேண்டும். 1990 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களில் பெரும்பகுதி இன்னும் புத்தளத்தில் இருக்கிறது. அவர்களிடம் படத்தைக் கேட்டுப் போகிறவர், அவர்கள் இழந்ததைப் பற்றிச் சொல்ல வரும்போது இருந்து கேட்கவும் தயாராகப் போக வேண்டும். நகரத்தின் கரையோரப் படத்தொகுப்பு எதுவானாலும் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் அது குறைத் தொகுப்புத்தான்.

ஊர்ப் படம் ஊர்க்காரரிடம்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1816இலிருந்து இங்கே வேலை செய்த அமெரிக்க மிஷனின் தாய்ச் சங்கத்து ஆவணங்கள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு கப்பலைப் பற்றித் தேடுகிறவர் அந்தத் துறைமுகத்துப் பழைய பத்திரிகைகளையும் பார்க்க வேண்டும்தானே. பிரித்தானியர் காலத்தில் கொழும்பில் இருந்த ஸ்கீன், பிளாட்டே போன்ற ஸ்டூடியோக்கள் அச்சிட்ட படங்களும் தபாலட்டைகளும் ஏலங்களில் வருகின்றன. டச்சுக்காரரின் பழைய வரைபடங்களை நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. நம்முடைய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தையும் ஆவணகத்தையும் முதலிலேயே ஒருமுறை துழாவிப் பாருங்கள். பழைய கோயில் மலர்களிலும் பாடசாலை மலர்களிலும் வேறெங்கும் இல்லாத வீதிப் படங்கள் கிடக்கின்றன.

3. பிரதி எடுப்பது

அல்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்காதீர்கள். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்கள் மிச்சமிருப்பதைக் கையை விட்டுக் கொடுக்கத் தயங்குவார்கள், அது நியாயம். அவர்கள் விறாந்தையிலேயே இருந்து எடுங்கள். வெயில் நேரே படாத, வெளிச்சமான யன்னல் ஓரம் போதும். பிளாஷ் வேண்டாம். படத்துக்கு நேர் மேலே, சரிவில்லாமல் போனைப் பிடியுங்கள். படத்தின் விளிம்பு நான்கும் தெரியட்டும், வெள்ளைக் கரையையும் வெட்ட வேண்டாம். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து, படம் கழுவிய கடையின் எண் என்று எதுவும் இருக்கலாம்.

ஸ்கானர் கிடைத்தால் சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, நெகட்டிவுக்கு 2400க்குக் குறையாமல். டிஃப் வடிவில் ஒரு மூலப் பிரதி, பகிர்ந்துகொள்ள ஜேபெக்கில் இன்னொன்று. மூலப் பிரதியில் நிறத்தைத் திருத்த வேண்டாம். இப்போது போனிலேயே பழைய படத்தைப் "புதிதாக்கும்" செயலிகள் நிறைய வந்துவிட்டன. அவை முகத்தைத் தெளிவாக்கும்போது பின்னால் இருக்கும் பெயர்ப்பலகை எழுத்தையும் தாமாகவே கற்பனை பண்ணி எழுதிவிடுகின்றன. நமக்கு வேண்டியது அந்தப் பெயர்ப்பலகைதான். ஆகவே தொகுப்பில் அவற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயல வேண்டாம், கண்ணாடிக்கு மேலாலேயே எடுங்கள். பசைத்தாள் அல்பத்தில் இறுகிப்போன படத்தைக் கையால் இழுத்தால் மூலை கிழியும். மெல்லிய நூலை அடியால் விட்டு மெதுவாக அறுத்துப் பாருங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். நெகட்டிவ் இருந்த தகர டப்பாவைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் அந்த நெகட்டிவ் கெட்டுப்போகத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதையே ஸ்கான் பண்ணுங்கள்.

4. எந்த இடம்?

இதுதான் இந்த வேலையின் உயிர். இங்கே நேரம் செலவழியுங்கள்.

முதலில் படம் திருப்பி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சடித்தால் இடம் வலமாகும், பிறகு எத்தனை நாள் தேடினாலும் அந்தச் சந்தி கிடைக்காது. சேலைத் தலைப்பு வலது தோளில் கிடந்தால், சட்டைப் பொத்தான் மாறியிருந்தால், பெயர்ப்பலகை எழுத்து இடம் வலமாகப் போனால், படத்தைத் திருப்புங்கள்.

அடுத்து, அசையாத ஒன்றைத் தேடுங்கள். நம் ஊரில் எது அசையாதது? வீடு போயிருக்கும், கடை போயிருக்கும், பனை பதுங்குகுழிக்குப் போயிருக்கும். மிச்சமிருப்பவை கிணறு, கேணி, மதகு, கோயில் வாசல், தேவாலய முகப்பு, வீதியின் வளைவு. வலிகாமம் வடக்கில் இத்தனை வருடங்களுக்குப் பிறகு காணி விடுபட்டு உள்ளே போனவர்கள் தங்கள் வளவைக் கண்டுபிடித்தது பெரும்பாலும் கிணற்றைக் கொண்டுதான். படத்திலும் அப்படியே தேடுங்கள்.

ஒரு படத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். என் பெரியம்மாவின் அல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வீதியோரத்தில் ஒரு குடும்பம் வரிசையாக நிற்கிறது. ஆட்களுக்குப் பின்னால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் வலப்பக்கமாகத் தாழ்ந்து நீண்ட ஒரு கோடு, அதற்கு மேலே கூரையின் ஒரு துண்டு. இடது விளிம்பில் பேருந்தின் பின்பக்கம் பாதி. வேறு ஒன்றும் இல்லை. பின்பக்கம் வெறுமை.

தாழ்ந்த அந்தக் கோடு கோட்டை மதில். பண்ணைப் பாலத்து வீதியில் தீவுப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி நகரத்தைப் பார்த்தால் கோட்டை வலப்பக்கம் வரும். ஆகவே கமரா வடகிழக்கைப் பார்க்கிறது. மதிலுக்கு மேலே தெரியும் கூரை, டச்சுக்காரர் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயத்தினுடையதாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தேவாலயம் போரில் அழிந்துபோனது, ஆகவே 1990க்கு முந்தியது. பேருந்தின் பின்னால் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) எழுத்து. பேருந்துகள் அரசுடைமையானது 1958 ஜனவரி 1ஆம் திகதி, ஆகவே அதற்குப் பிந்தியது. இப்போது நிழலைப் பாருங்கள். சின்னப் பெடியனின் நிழல் குட்டையாக, கமராவை நோக்கி விழுந்திருக்கிறது. அப்படியானால் சூரியன் அவனுக்குப் பின்னால், வடகிழக்கில், உயரத்தில். யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தரம், சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஆகவே இது அந்த மாதங்களில் ஒன்றில், மதியத்துக்குச் சற்று முன்னால் எடுத்த படம்.

இவ்வளவையும் குறித்துக்கொண்ட பிறகுதான் பெரியம்மாவிடம் கேட்டேன். "நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகேக்கை பஸ் பழுதாகி நிண்டது, அப்ப எடுத்தது" என்றார். நாகபூசணி அம்மன் திருவிழா ஆனி மாதம். நிழலும் அதையே சொல்கிறது. இந்த ஒழுங்கில் செய்வது நல்லது. முதலில் படத்தைக் கேளுங்கள், பிறகு ஆளைக் கேளுங்கள். ஆளை முதலில் கேட்டால் அவர் சொன்னதற்கு ஏற்றபடிதான் உங்கள் கண் படத்தைப் பார்க்கும்.

5. எந்தக் காலம்?

ஒரு ஆண்டைச் சொல்ல முயலாதீர்கள். "இதற்கு முன்னால் இருக்க முடியாது", "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்ற இரண்டு எல்லையைக் கண்டுபிடித்தால் போதும். நகரத்துக்கும் கரைக்கும் எனக்குப் பயன்படும் எல்லைக்கற்கள் சில:

மணிக்கூட்டுக் கோபுரம் தெரிந்தால் 1882க்குப் பிந்தியது. வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்த நினைவாகக் கட்டியது அது. காங்கேசன்துறை வெளிச்சவீடு 1893, பருத்தித்துறை வெளிச்சவீடு 1916. ரயில் பாதை இங்கே தொடங்கியது 1902இல், யாழ்தேவி 1956இல், 1990 ஜூனில் ரயில் நின்றது, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. பெயர்ப்பலகையில் "மாநகர சபை" என்று இருந்தால் 1949க்குப் பிந்தியது. காங்கேசன்துறைப் படத்தில் சீமெந்துத் தொழிற்சாலைப் புகைபோக்கி இருந்தால் 1950க்கு இந்தப் பக்கம். முத்திரையில் சிலோன் என்று இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முன். ஆனால் கடைக்காரர் பழைய முத்திரையைப் பிறகும் குத்தியிருக்கலாம், அதைத் தனிச் சான்றாக எடுக்க வேண்டாம்.

பொது நூலகத்தில் கவனம் தேவை. 1959இல் திறந்து, 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது, சுமார் 97,000 நூல்களோடு. பிறகு திருத்தியபோது பழைய முகப்பின் வடிவத்தையே காப்பாற்றினார்கள். அதனால் கட்டடத்தை மட்டும் பார்த்து 1960கள் என்று எழுதிவிடக்கூடாது. சுற்றுமதில், முன்னால் நிற்கும் மரத்தின் உயரம், வீதியில் நிற்கும் வாகனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

வாகன இலக்கத் தகடு அருமையான சான்று. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்த தகடுகள் ஒரு காலத்தில் இருந்தன. 1957இல் சிங்கள ஸ்ரீ வந்தது. அதை எதிர்த்து 1957-58இல் இங்கே தார் பூசி அழித்தார்கள், தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள். தமிழ் ஸ்ரீ தகட்டோடு ஒரு படம் உங்கள் கையில் வந்தால் அது பொக்கிஷம், உடனே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். ஆங்கில எழுத்தில் என்.பி. என்று வட மாகாணக் குறியீடு தெரிந்தால் 2000க்குப் பின்.

ஆனால் காரைப் பார்த்துக் காலத்தைச் சொல்லாதீர்கள். வெளியூரில் ஒஸ்ரின் ஏ40யும் மொறிஸ் மைனரும் நின்றால் 1950கள் என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் அவை 1990களில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடின. தட்டிவானும் அப்படித்தான். காரை வைத்து 1955 என்று நினைத்த படம் 1994ஆக இருக்கலாம்.

சினிமாச் சுவரொட்டியும் உதவும். வெலிங்டன், றீகல், மனோகரா, ராஜா என்று தியேட்டர் மதில்களில் ஒட்டிய படத்தின் பெயர் வாசிக்க முடிந்தால், அந்தப் படம் தமிழ்நாட்டில் வெளியான ஆண்டு முன்னெல்லை. இங்கே பெரும்பாலும் பிந்தித்தான் வந்தது, பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டதும் உண்டு.

கரையில் வள்ளத்தைப் பாருங்கள். பாயும் கட்டுமரமும் மட்டும் நின்றால் பழையது. வெளியிணைப்பு இயந்திரம் 1950களின் கடைசியிலிருந்து, கண்ணாடியிழைப் படகு 1960களின் கடைசியிலிருந்து பரவியது. காரைநகர் சீநோர் படகு கட்டும் துறையை அந்தக் காலத்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், அவர்களிடம் படகின் வடிவைக் காட்டிக் கேட்டால் பத்து வருட இடைவெளிக்குள் கொண்டுவந்து விடுவார்கள். வேலியும் காலம் சொல்லும். கிடுகு, பனையோலை, பிறகு தகரம், பிறகு சீமெந்து மதில்.

தாளையும் தடவிப் பாருங்கள். கெட்டி அட்டையில் ஒட்டிய மெல்லிய பழுப்புப் படம் 19ஆம் நூற்றாண்டாக இருக்கலாம். பல்லுப் பல்லாக வெட்டிய விளிம்பு என்றால் 1930களுக்கும் 1960களுக்கும் இடையில். சிவப்பேறிப்போன வண்ணப் படம் 1970கள், 80கள். மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் திகதி எரிந்திருந்தால் 1980களின் நடுப்பகுதிக்குப் பின், ஆனால் கமராவில் திகதியைச் சரியாக வைத்தவர்கள் குறைவு. நிறம் தீட்டிய பழைய தபாலட்டைகளில் நிறத்தை நம்பவே வேண்டாம், ஊரைக் கண்ணால் காணாதவர் தீட்டிய நிறம் அது. தபால் முத்திரையின் திகதி பின்னெல்லை மட்டுமே. படம் அதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன் எடுத்ததாக இருக்கலாம்.

1990களின் படங்கள் மிகக் குறைவு. மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, பிலிம் சுருள் ஒன்று கிடைப்பதே பெரிய காரியம். மங்கலாக, கோணலாக ஒரு படம் கிடைத்தாலும் அந்தக் காலத்தது என்றால் ஒதுக்காதீர்கள்.

6. அதே இடத்தில் நின்று திரும்ப எடுப்பது

பழைய படத்தின் ஒரு அச்சுப் பிரதியோடு போங்கள். படத்தில் கிட்ட உள்ள ஒரு பொருளும் தூர உள்ள ஒரு பொருளும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று பாருங்கள். மதிலின் மூலைக்குப் பின்னால் கோபுரத்தின் எந்தப் பகுதி தெரிகிறது? நீங்கள் இடப்பக்கம் ஓர் அடி வைத்தால் அந்தத் தொடுகை மாறும். சரியாக வரும் வரை நகருங்கள். இப்படி இரண்டு சோடி கிடைத்தால் படம் எடுத்தவர் நின்ற இடம் கிடைத்துவிட்டது. முன்னே பின்னே போவதைப் பொருள்களின் அளவைக் கொண்டு திருத்துங்கள்.

உயரத்தைப் பலர் மறக்கிறார்கள். பெட்டிக் கமராவையும் மேலால் குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கமராவையும் இடுப்பளவில் வைத்துத்தான் எடுப்பார்கள். போனைக் கண்ணளவில் பிடித்தால் எதுவும் பொருந்தாது, இறக்கிப் பிடியுங்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கும். பழைய கமராவின் பார்வைக்குக் கிட்ட வர இரண்டு மடங்கு பெருப்பில் எடுத்துப் பாருங்கள். நிழலைக் கொண்டு மாதத்தையும் நேரத்தையும் கணித்தீர்களே, அதே மாதம், அதே நேரம் போனால் இரண்டு படமும் ஒரே வெளிச்சத்தில் வரும்.

பழைய இடம் இப்போது யாரோ ஒருவரின் வளவுக்குள் இருக்கும். படலையில் நின்று கூப்பிட்டுப் படத்தைக் காட்டுங்கள். "அம்மா, இந்தப் படம் உங்கட வளவுக்குள்ள நிண்டு எடுத்தது போல கிடக்கு, ஒருக்கா பாக்கிறியளோ?" என்று கேட்டால் பெரும்பாலும் தேத்தண்ணியும் கிடைக்கும், இன்னொரு அல்பமும் வெளியே வரும். காங்கேசன்துறைத் துறைமுகம், கடற்படை நிற்கும் இடங்கள், வெளிச்சவீடுகள் ஆகிய இடங்களில் கேட்காமல் கமராவைத் தூக்க வேண்டாம். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை.

இடமே அணுக முடியாததாகிவிட்டால் எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அங்கே நின்று எடுத்து, "இதற்கு மேல் போக முடியவில்லை" என்று குறிப்பில் எழுதுங்கள். அதுவும் அந்தக் கரையின் மாற்றம்தான். கூகிள் வீதிக்காட்சி 2016இல் இலங்கைக்கு வந்தது. அதில் உள்ள யாழ்ப்பாணமும் இப்போது பழைய படமாகிக்கொண்டிருக்கிறது, உங்கள் துண்டுக் கரையை அதிலும் பார்த்துச் சேமித்து வையுங்கள்.

7. "கடல் உள்ளே வந்துவிட்டது" என்று எழுதும் முன்

இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்ததும் கை துறுதுறுக்கும், ஆனால் பொறுங்கள். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் பண்ணைக் களப்பு ஆழமில்லாதது. கொஞ்சம் தண்ணீர் ஏறினாலே கரை பல அடி உள்ளே வந்தது போலத் தெரியும். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரையான மாரியில் எடுத்த படத்தையும் தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டால் காலநிலையைத்தான் ஒப்பிடுகிறீர்கள். மணற்கரை பருவத்துக்குப் பருவம் தானே போகும், தானே வரும்.

அசையாத ஒன்றிலிருந்து அளவிடுங்கள். தேவாலயப் படிக்கும் தண்ணீருக்கும் இடையில், கேணிக் கட்டுக்கும் அலைக்கும் இடையில், ஒரே பருவத்தில், பல வருடப் படங்களில். கூகிள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைப் புரட்டிப் பார்க்கலாம், அது 2000களிலிருந்து நல்ல துணை. மணற்காட்டில் மணலுக்குள் நிற்கும் பழைய அந்தோனியார் கோயில் இடிபாடு இதற்கு நல்ல அளவுகோல். சுவர் நகராது, மணல்தான் ஏறி இறங்குகிறது. அதன் படங்கள் ஊரில் பலரிடம் இருக்கும், ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள்.

கரையை மாற்றியது கடலா, மனிதரா, போரா என்பதையும் பிரித்து எழுதுங்கள். பண்ணையில் வீதியை அகலமாக்கியதும் கீரிமலையில் மடங்கள் அழிந்ததும் கிழக்கில் ஆழிப்பேரலை வீடுகளை அடித்துப்போனதும் ஒரே வகை மாற்றம் இல்லை.

8. குறிப்பும் அனுமதியும்

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணின் கீழே: இடம், நீங்கள் கண்டுபிடித்த இரண்டு கால எல்லைகள், எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறீர்கள், யார் சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது. "சுமார் 1965" என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. "இ.போ.ச. பேருந்து தெரிகிறது, ஆகவே 1958க்குப் பின்" என்று எழுதினால் அவர் தொடரலாம். பழைய தாள் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எண்ணை மட்டும் எழுதுங்கள், பேனை வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள புதிய தாளில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதுங்கள்.

ஆட்களின் பெயரைப் போடும் முன் வீட்டாரைக் கேளுங்கள். நம் அல்பங்களில் திரும்பி வராத பிள்ளைகள் இருக்கிறார்கள், காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். கடலைக் காட்டத்தான் படத்தைப் போடுகிறோம் என்று நாம் நினைக்கலாம், ஒரு தாய்க்கு அது அவருடைய மகனின் படம். "பின்னுக்கு இருக்கிற கரையை மட்டும் வெட்டிப் போடலாமோ?" என்று கேட்டால் சிலர் சம்மதிப்பார்கள், சிலர் மாட்டார்கள். மாட்டேன் என்றால் அத்தோடு விடுங்கள். போர்க்கால முகங்களை, சீருடையில் நிற்பவர்களை, யாரும் சம்மதித்தாலும் பெயரோடு பொதுவில் போடாதிருப்பதே பாதுகாப்பு.

சட்டப்படி அல்பம் வைத்திருப்பவர் வேறு, படத்தின் உரிமை வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எடுத்தவர் வாழ்ந்த காலமும் அதன் பின் 70 வருடமும் உரிமை அவரைச் சேரும். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அந்தக் குடும்பத்தைத் தேடிக் கேளுங்கள். அவர்களிடம் நெகட்டிவ் இன்னும் இருக்கிறதா என்றும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

மூலப் பிரதிகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று உங்கள் வன்தட்டில், ஒன்று வேறு ஊரிலோ நாட்டிலோ இருக்கும் உறவினரிடம், ஒன்று நூலகம் நிறுவனம் போன்ற பொது ஆவணக் காப்பகத்தில். அல்பத்தைத் தந்தவருக்கு நல்ல தாளில் ஒரு அச்சுப் பிரதியும், நீங்கள் இப்போது எடுத்த படமும், உங்கள் குறிப்பும் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது "இது பண்ணை இல்லை தம்பி, இந்தப் பக்கம் பார்" என்று அவர் திருத்தினால், திருத்தத்தையும் திகதியையும் அந்த எண்ணின் கீழே எழுதுங்கள். பழைய குறிப்பை அழிக்க வேண்டாம்.